நிலாவில் இறங்காதவர்

ஜிம் லவல் 2025 ஆகஸ்ட் 7 அன்று, தமது 97ஆம் வயதில் காலமானார். அமெரிக்கக் கடற்படையில் விமானியாக இருந்து கேப்டனாக ஓய்வுபெற்றவர். வந்த அஞ்சலிக் குறிப்புகளில் பெரும்பாலானவை அப்பல்லோ 13இல் தொடங்கி அப்பல்லோ 13இலேயே முடிந்தன. ஆறு நாள் பயணம் ஒன்று 97 வருஷ வாழ்க்கையை விழுங்கிவிட்டது. அந்த ஆறு நாளும் லேசுப்பட்டவை அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுபதைத் தாண்டிய எனக்கு மிச்ச நாட்கள்தான் அதிக வியப்பைத் தருகின்றன. அப்பல்லோ காலத்தில் இரண்டு முறை நிலாவரை போனவர்கள் மூன்றே பேர். ஜான் யங், ஜீன் செர்னன், லவல். முதல் இருவரும் இரண்டாம் பயணத்தில் நிலாவில் நடந்தார்கள். லவல் மட்டும் இரண்டு முறையும் கால்வைக்காமல் திரும்பினார். அதன்பிறகு 55 வருஷம் இருந்தார். அந்த 55 வருஷத்தை அவர் எப்படிக் கழித்தார் என்பதுதான் என் அக்கறை.

எங்கள் உறவில் ஒரு பெரியவர் உண்டு. இரண்டு மார்க்கில் மெடிக்கல் சீட்டைத் தவறவிட்டவர். பிறகு நல்ல உத்தியோகம், சொந்த வீடு, குணமான பிள்ளைகள் எல்லாம் அமைந்தன. ஆனாலும் கல்யாண வீடோ கருமாதி வீடோ, பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் சாம்பார் வருவதற்கு முன் அந்த இரண்டு மார்க் வந்துவிடும். நாற்பது வருஷம் அதையே பரிமாறினார். அவரைக் குறை சொல்லவில்லை. நம்மில் பலருக்கும் அப்படி ஒரு கணக்கு உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. லவலுக்கு அப்படிப் புலம்பக் காரணங்கள் ஒன்றல்ல, வரிசையாக இருந்தன.

அவர் பிறந்தது 1928இல், கிளீவ்லாந்து நகரில். ஐந்து வயதில் அப்பா கார் விபத்தில் இறந்துபோனார். ஒரே பிள்ளை. அம்மா ஒற்றையாளாக மில்வாக்கியில் வளர்த்து ஆளாக்கினார். பையனுக்கு ராக்கெட் பைத்தியம். தானே ஒன்று செய்து விட்டுப் பார்த்தான். கொஞ்ச தூரம் ஏறி வெடித்தது. கல்லூரிக்கு அனுப்ப வீட்டில் காசில்லை. அன்னாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தால் செலவில்லை என்று விண்ணப்பித்தார். காத்திருப்போர் பட்டியலில் மூன்றாம் இடம்தான் கிடைத்தது. மூன்றாம் இடம் என்றால் இடம் இல்லை என்று அர்த்தம். அப்போது கடற்படையே படிக்கவைத்து விமானியாக்கும் ஒரு திட்டம் இருந்தது. அதில் நுழைந்து விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருஷம் படித்தார். மறுபடியும் அன்னாபொலிஸுக்கு எழுதிப்போட்டார். 1948இல் இடம் வந்தது. படித்த இரண்டு வருஷத்தைக் கழித்துக்கொள்ள மாட்டார்கள். முதலாம் ஆண்டிலிருந்து நான்கு வருஷம் படிக்க வேண்டும். படித்தார்.

மேரிலின் அவருடைய பள்ளிக்கூடத்துப் பெண். அவர் அன்னாபொலிஸுக்குப் போனதும், அருகில் இருக்கவேண்டும் என்று இவரும் தம் படிப்பை வாஷிங்டனுக்கு மாற்றிக்கொண்டார். திரவ எரிபொருள் ராக்கெட்டுகளைப் பற்றி லவல் கல்லூரியில் எழுதிய கட்டுரையைத் தட்டச்சு செய்து கொடுத்தவர் மேரிலின்தான். ராக்கெட்டில் மனிதன் போவது கதைப்புத்தக விஷயமாக இருந்த காலம் அது. 1952 ஜூன் 6 அன்று பட்டமளிப்பு. அன்றைக்கே, சில மணி நேரத்தில், அன்னாபொலிஸிலேயே ஒரு தேவாலயத்தில் கல்யாணம்.

அதற்குப் பிறகு விமானப் பயிற்சி, பிறகு விமானந்தாங்கிக் கப்பல். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க ஆசைப்படுகிறேன். விண்வெளிக் கதையின் வெளிச்சத்தில் லவலின் கடற்படைக் காலம் மறைந்துபோய்விடுகிறது. என் கணக்கில் மனிதர் உருவானது அங்கேதான்.

விமானந்தாங்கிக் கப்பலில் இறங்குவது என்றால், தரையில் இருப்பதுபோல நீண்ட ஓடுபாதை கிடையாது. விமானத்தின் வால்பக்கம் ஒரு கொக்கி இருக்கும். தளத்தின் குறுக்கே இழுத்துக் கட்டிய இரும்பு வடங்களில் ஒன்றை அந்தக் கொக்கி பிடித்தாக வேண்டும். கப்பல் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும், அலையில் ஏறி இறங்கும். பகலிலேயே இது பெரும்பாடு. லவல் சேர்ந்தது இரவில் பறக்கும் பிரிவில். பான்ஷீ என்ற ஜெட் விமானத்தில், நூறு தடவைக்கு மேல் கப்பலில் இறங்கியிருக்கிறார்.

ஜப்பானை ஒட்டிய கடலில் ஒரு ராத்திரி. கப்பலின் பெயர் ஷாங்ரி-லா. போர்க்காலப் பயிற்சி என்பதால் கப்பலில் வெளிவிளக்கு இல்லை. கப்பல் அனுப்பும் வழிகாட்டி அலையைப் பிடித்துக்கொண்டு திரும்பவேண்டும். அதே அலைவரிசையில் ஜப்பான் கரையிலிருந்து வேறொரு நிலையம் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. லவலின் கருவி அதைப் பிடித்துக்கொண்டு அவரைத் தப்பான திசையில் இழுத்தது. சரி, முழங்காலில் கட்டியிருக்கும் காகிதத்தில் குறிப்பைப் பார்ப்போம் என்று, தாமே கைவேலையாகச் செய்து வைத்திருந்த சின்ன விளக்கைச் செருகினார். அவ்வளவுதான், விமானிக்கு முன்னால் இருந்த அத்தனை விளக்குகளும் அணைந்துபோயின. மேகத்துக்குக் கீழே கறுப்புக் கடல். எரிபொருள் குறைந்துகொண்டே வருகிறது.

அந்தக் கும்மிருட்டில்தான் கீழே ஒரு மெல்லிய பச்சைக் கோடு தெரிந்தது. கப்பலின் சுழலிகள் கடலைக் கலக்கும்போது அதிலிருக்கும் நுண்ணுயிர்கள் ஒளிரும். 2019இல் திருவான்மியூர், பெசன்ட் நகர் கடற்கரையில் அலை நீலமாக மின்னியதைப் பார்க்கக் கூட்டம் கூடியதே, அந்தச் சங்கதிதான். கப்பல் போன தடத்தை அந்த ஒளி வரைந்து வைத்திருந்தது. அதைப் பின்தொடர்ந்துபோய் இறங்கிவிட்டார். விமானத்துக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அந்த ஒளி கண்ணில் பட்டிருக்காது என்று பின்னாளில் அவரே சொல்லிச் சிரிப்பார்.

இந்தக் கதையை அதிர்ஷ்டக் கதையாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒளி எல்லோருக்கும்தான் கிடக்கிறது. விளக்கு அணைந்த பதற்றத்தில் கருவிப் பலகையையே தட்டிக்கொண்டிருப்பவன் கீழே பார்க்கமாட்டான். தாம் செய்த விளக்கே தம்மை இருட்டில் தள்ளியது என்று நொந்துகொள்ள அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. நேரம்தான் இல்லை. நேரம் இருந்தபோதும் அவர் நொந்துகொள்ளவில்லை என்பதை அடுத்துவந்த வருஷங்கள் காட்டின.

பேட்டக்சென்ட் ரிவர் என்ற இடத்தில் கடற்படையின் சோதனை விமானிகள் பள்ளி இருக்கிறது. 1958இல் அங்கே முதல் மாணவராகத் தேறினார். நாட்டின் முதல் விண்வெளி வீரர்களைத் தேர்ந்தெடுக்க நாசா அழைத்த விமானிகளில் அவரும் ஒருவர். மருத்துவச் சோதனையில் ரத்தத்தில் பிலிருபின் கொஞ்சம் கூடுதல் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவருடைய வகுப்புத் தோழர் வாலி ஷிரா தேர்வாகி, அந்த ஏழு பேரில் ஒருவராகப் புகழ்பெற்றார். லவல் விமானங்களைச் சோதிக்கும் வேலைக்குத் திரும்பினார். 1962இல் இரண்டாம் அழைப்பு வந்தது. மறுபடி விண்ணப்பித்தார். இந்த முறை எடுத்துக்கொண்டார்கள்.

1965 டிசம்பரில் ஜெமினி 7 விண்கலத்தில் ஃபிராங்க் போர்மனுடன் 14 நாள். சின்னக் காரின் முன்சீட்டுகள் அளவுக்குத்தான் இடம். குளிக்க வழியில்லை, எழுந்து நிற்க வழியில்லை. அவர் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்க, வீட்டில் மூன்று பிள்ளைகளுடன் நிறைமாதமாக மேரிலின். நாலாவது பிள்ளை ஜெஃப்ரி அடுத்த மாதம், 1966 ஜனவரியில் பிறந்தான். அதே ஆண்டு நவம்பரில் ஜெமினி 12.

லவலைக் ‘குடும்பஸ்தர்’ என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு ஒரு சின்ன ஆட்சேபம் உண்டு. வருஷத்தில் பாதி நாள் வீட்டில் இல்லாத ஒருவரைக் குடும்பஸ்தர் என்றால், அந்தப் பெயரில் பாதிக்கு மேல் மேரிலினுக்குச் சேரவேண்டியது. 1968 கிறிஸ்துமஸுக்கு மெக்சிகோவின் அகாபுல்கோவுக்குப் போகலாம் என்று குடும்பமே திட்டம் போட்டிருந்தது. ஒருநாள் லவல் வந்து, நான் வரமுடியாது என்றார். வேறு எங்கே போகப்போகிறீர்கள் என்று மேரிலின் கேட்டார். நிலாவுக்கு என்றார். இதை ஒரு வேடிக்கையாகத்தான் ஊரெல்லாம் சொல்கிறது. அன்று ராத்திரி அந்த வீட்டில் அது வேடிக்கையாக இருந்திருக்காது. அதுவரை மனிதர் யாரும் பூமியைவிட்டு அவ்வளவு தூரம் போனதில்லை. ஆளை வைத்துக்கொண்டு அவர் ஏறவிருந்த ராக்கெட் முன்பு ஒருமுறையும் கிளம்பியதில்லை.

அந்த இடம்கூட முதலில் அவருடையது அல்ல. மைக்கேல் காலின்ஸுக்குக் கழுத்தெலும்பில் அறுவை சிகிச்சை செய்யவேண்டி வந்ததால் இவருக்கு வந்தது. ஒருவருக்கு நழுவியது மற்றவருக்கு வாய்ப்பது அந்தத் தொழிலில் வழக்கம்தான். நழுவியதை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால், வாய்த்ததை யார் எண்ணுவது?

அந்தப் பயணம்தான் அப்பல்லோ 8. அதில் வழி பார்க்கிற வேலை லவலுக்கு. நிலாவைப் பத்து முறை சுற்றினார்கள். அமைதிக் கடல் என்று பெயரிட்ட சமவெளியின் ஓரத்தில் முக்கோணமாக ஒரு மலை தெரிந்தது. அதற்கு மேரிலின் மலை என்று பெயர் வைத்தார். பூமியில் அதே கிறிஸ்துமஸ் அன்று, கணவர் புறப்படும் முன்பே ஏற்பாடு செய்துவிட்டுப் போன ஒரு மென்மயிர் மேலங்கி, நிலாவில் இருக்கிற ஆள் அனுப்பியதாக எழுதிய அட்டையோடு மேரிலின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மலையின் கதை அதோடு நிற்கவில்லை. ஏழு மாதம் கழித்து அப்பல்லோ 11 கீழே இறங்கும்போது பாதையைச் சரிபார்க்க வைத்துக்கொண்ட அடையாளங்களில் அந்த மலையும் ஒன்று. சர்வதேச வானியல் ஒன்றியம் அந்தப் பெயரை முறையாக ஏற்றுக்கொள்ள 2017 ஆகிவிட்டது. நல்லவேளை, அதைக் கேட்க இருவரும் இருந்தார்கள்.

திரும்பி வரும் வழியில் ஒரு கூத்து. நட்சத்திர எண்ணை அடிக்கிறேன் என்று லவல் வேறொரு கட்டளையை அடித்துவிட்டார். கணினி, தான் இன்னும் ஏவுதளத்திலேயே நிற்பதாக நினைத்துக்கொண்டது. விண்கலம் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற நினைவே அதற்குப் போய்விட்டது. ரைஜல், சிரியஸ் என்ற நட்சத்திரங்களைக் கண்ணால் பிடித்து, கையால் சரிசெய்து, கணினிக்கு மறுபடி திசை கற்றுக்கொடுத்தார். உலகமே கேட்டுக்கொண்டிருந்தபோது நடந்த தவறு. அவர் அதை ஒளிக்கவும் இல்லை, பெரிதாக்கவும் இல்லை. சோதனை விமானிகளின் ஒரு பழக்கம் எனக்குப் பிடிக்கும்: என்ன நடந்தது என்பதை முதலில் சொல்வார்கள், யார் செய்தது என்பது பிறகு வரும். நம் வீடுகளில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது.

1968இன் கடைசியில் இன்னொன்று நடந்தது. அப்பல்லோ 11இன் குழுவை அமைக்கும்போது, பஸ் ஆல்ட்ரினுக்குப் பதிலாக லவலை எடுத்துக்கொள்கிறாயா என்று நீல் ஆம்ஸ்ட்ராங்கிடம் மேலதிகாரி டீக் ஸ்லேட்டன் கேட்டார். ஆம்ஸ்ட்ராங்கும் கடற்படை விமானியாக இருந்தவர்தான். ஒருநாள் யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். ஆல்ட்ரினோடு தமக்கு ஒத்துப்போகிறது; லவலுக்கோ தனியாக ஒரு பயணத்தின் தலைமை கிடைப்பதுதான் நியாயம் என்று நினைத்தார். மரியாதைக்காகச் செய்த காரியம். அந்த மரியாதைதான் லவலின் கால் நிலாவில் படாமல் செய்தது. தலைமையும் வந்தது, அப்பல்லோ 14க்கு. ஆலன் ஷெப்பர்டின் குழுவுக்கு இன்னும் பயிற்சி வேண்டியிருந்ததால் இரண்டு குழுக்களையும் மாற்றிப் போட்டார்கள். லவல் 13க்கு வந்தார்.

அந்தப் பயணத்தின் கதை ஊருக்கே தெரியும். 1970 ஏப்ரல் 11 அன்று புறப்பட்டார்கள். 13ஆம் தேதி இரவு, பூமியிலிருந்து மூன்று லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால், ஆக்சிஜன் தொட்டி ஒன்று வெடித்தது. வேறொரு பயணத்துக்கு வைத்த தொட்டி அது. கழற்றும்போது ஐந்து சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்திருந்தது. அதிலிருந்த வெப்பக்கட்டுப்பாட்டு சுவிட்சுகள் 28 வோல்ட்டுக்கானவை. ஏவுதளத்தில் கொடுத்த மின்சாரம் 65 வோல்ட். மாற்றவேண்டும் என்பது விட்டுப்போயிருந்தது. லவல் அந்த விண்கலத்தில் ஏறுவதற்கு வெகுநாள் முன்பே விபத்து அதில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அந்த நாட்களில் எங்கள் ஊருக்குப் பேப்பர் மதியம்தான் வரும். படிப்பவர் ஒருவர், கேட்பவர்கள் இருபது பேர். நானும் கேட்டவர்களில் ஒருவன்.

இரண்டு பேர் இரண்டு நாள் தங்குவதற்கான நிலாக்கலத்தில் மூன்று பேர் நான்கு நாள். தண்ணீர் ஆளுக்கு ஒரு தம்ளர், ஒருநாள் முழுக்க. உள்ளே குளிர் மூன்று நான்கு டிகிரிக்கு இறங்கியது. லவலுக்கு மட்டும் ஆறு கிலோவுக்கு மேல் எடை குறைந்தது. நிலாவின் மறுபக்கம் சுற்றி வரும்போது உடன் வந்த ஃபிரெட் ஹேய்ஸும் ஜாக் ஸ்வைகர்ட்டும் ஜன்னலில் கேமராவோடு ஒட்டிக்கொண்டார்கள். அடுத்த வேலைக்கு லவல் அவசரப்படுத்தினார்: ஊர் போய்ச் சேராவிட்டால் படத்தைக் கழுவவே முடியாதே என்றார். நீங்கள் ஏற்கெனவே பார்த்தவர், நாங்கள் பார்த்ததில்லை என்று அவர்கள் பதில் சொன்னார்கள். இறங்கவேண்டிய இடம் நழுவிப்போகிறது. லவல் தலையில் ஓடிக்கொண்டிருந்தது அடுத்த உந்துபொறி ஓட்டம்.

மின்சாரம் மிச்சம் பிடிக்கக் கணினியை அணைத்துவிட்டார்கள். நட்சத்திரம் பார்த்துத் திசை பிடிக்கலாம் என்றால், வெடித்த துகள்கள் சுற்றிலும் பொய் நட்சத்திரங்களாக மினுங்கின. பாதையைச் சற்றுத் திருத்தாவிட்டால் பூமியைத் தவறவிட்டுவிடுவார்கள். பகலும் இரவும் பிரிகிற பூமியின் கோட்டை ஜன்னல் குறியில் பொருத்தி வைத்துக்கொண்டார்கள். லவலும் ஹேய்ஸும் ஆளுக்கொரு திசை ஆட்டத்தைக் கையால் அடக்க, ஸ்வைகர்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்து நொடி எண்ணினார். 14 நொடி. இந்த முறையை அப்பல்லோ 8இலேயே ஓர் அவசரத்துக்காக யோசித்து வைத்திருந்தார்கள்.

இங்கே ஹூஸ்டனில் மேரிலின் வீட்டில் ஒரு சின்ன ஒலிபெருக்கிப் பெட்டி. தரைக்கும் விண்கலத்துக்கும் நடக்கிற பேச்சு அதில் அப்படியே வரும். விபத்துக்குச் சற்று முன்பு மூவரும் விண்கலத்திலிருந்து ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி கொடுத்தார்கள்; நிலாப் பயணம் சலித்துப்போனதால் எந்த நிறுவனமும் அதை ஒளிபரப்பவில்லை. விபத்து நடந்ததும் அதே நிறுவனங்களின் கூட்டம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. புல்தரையில் கோபுரம் நட்டு நேரலை செய்ய அனுமதி கேட்டார்கள். முடியாது என்றார் மேரிலின். ஆட்சேபம் இருந்தால் என் கணவரிடம் பேசிக்கொள்ளுங்கள், வெள்ளிக்கிழமை வந்துவிடுவார் என்று சொல்லியனுப்பினார். அந்த வெள்ளிக்கிழமை வருமா என்பது அப்போது யாருக்கும் தெரியாது. அது வந்தது. ஏப்ரல் 17, பசிபிக் கடலில்.

அந்தக் காலத்து விண்வெளிக் குடும்பங்கள் பல உடைந்துபோயின. அப்பல்லோ 8இல் போன மூவரின் கல்யாணங்களும் கடைசிவரை நின்றன. பெருமையை எந்தப் பக்கம் வைப்பது என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

அப்பல்லோ 13 திரும்பியபோது லவலுக்கு வயது 42. 1971 பிப்ரவரியில் ஷெப்பர்டின் குழு, இவர் இறங்கவேண்டிய ஃப்ரா மௌரோ பகுதியிலேயே போய் இறங்கியது. பல வருஷம் அந்த ஏமாற்றம் தம்மை உறுத்தியதை லவல் மறைக்கவில்லை. உறுத்தல் வேறு, புலம்பல் வேறு. 1973இல் கடற்படையிலிருந்தும் நாசாவிலிருந்தும் ஓய்வுபெற்றார். பிறகு சேர்ந்த இடம் எது தெரியுமா? கப்பல்களைத் துறைமுகத்துக்கு இழுத்துவரும் இழுவைப்படகுக் கம்பெனி. நிலாவைச் சுற்றியவர், சரக்குக் கப்பலை இழுக்கிற கணக்கு வழக்குகளைப் பார்த்தார். அடுத்து தொலைபேசி நிறுவனங்கள். 1994இல் ஜெஃப்ரி க்ளூகரோடு சேர்ந்து தம் கதையை எழுதினார். 1999இல் சிகாகோவுக்கு வடக்கே லேக் ஃபாரஸ்ட் ஊரில் குடும்பமாக ஒரு உணவகம் தொடங்கினார்கள். மூத்த மகன் ஜே அதன் தலைமைச் சமையல்காரர். அப்பல்லோ 13 சமயத்தில் வீட்டைவிட்டு விடுதிப் பள்ளியில் இருந்து செய்தியைக் கேட்ட பையன் அவன்தான். 2015வரை அந்த உணவகம் நடந்தது.

2023 ஆகஸ்டில் மேரிலின் போனார். 71 வருஷத் தாம்பத்தியம். அதன்பிறகு லவல் இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தார்.

1995இல் வந்த ‘அப்பல்லோ 13’ படத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் குறையாகிவிடும். லவலாக நடித்தவர் டாம் ஹாங்க்ஸ். கடைசிக் காட்சியில் மீட்புக் கப்பலின் தளத்தில் அவரை வரவேற்றுக் கைகொடுக்கும் அதிகாரி, அசல் லவலேதான். அந்த வேஷத்துக்கு அவரை அட்மிரலாக்கிவிடலாம் என்று இயக்குநர் ரான் ஹோவர்ட் நினைத்தார். லவல் ஒப்புக்கொள்ளவில்லை. கேப்டனாகத்தான் ஓய்வுபெற்றேன், கேப்டனாகவே வருகிறேன் என்றார். இருபது வருஷத்துக்கு மேலாக எடுத்துவைத்திருந்த தம் சொந்தக் கடற்படை உடுப்பையே போட்டுக்கொண்டு வந்து நின்றார்.